கட்டிக்கும் சொந்த ஊர் உண்டு

ஆழ்வார்திருநகரியில் தெருவுக்குள் புதிதாக ஒருவர் வந்தால் "எந்த ஊரு, யார் வீடு?" என்றுதான் முதலில் கேட்போம். அது தெரிந்த பிறகுதான் மற்றப் பேச்செல்லாம். சினைப்பையில் கட்டி என்று ஸ்கேனில் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது அதுதான். இந்தக் கட்டி எந்த செல்லிலிருந்து கிளம்பியது? இதற்கு விடை கிடைத்தால் என்ன மருந்து, எவ்வளவு அறுக்க வேண்டும், பின்னால் பிள்ளை பெற முடியுமா, எத்தனை வருஷம் கண்காணிக்க வேண்டும் என்ற எல்லாக் கேள்விக்கும் வழி பிறந்துவிடும்.

என் மதினி ஒரு நாள் சாயங்காலம் ஸ்கேன் கவரோடு வந்து தார்சாவில் உட்கார்ந்தார். அவர் தங்கச்சி மகளுக்குப் பதினாறு வயது. இரண்டு மாதமாக வயிறு வீங்கிக்கொண்டே வருகிறது. நான் திசு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் என்னைத் தேடி வந்திருந்தார். "ஒத்த வார்த்தையில சொல்லிரு, கேன்சரா இல்லையா?" என்றார். "ஒத்த வார்த்தையில சொன்னா உங்கள ஏமாத்துன மாதிரி ஆயிரும் மதினி. டீயக் குடிங்க, ஒண்ணொண்ணாச் சொல்லுதேன்" என்றேன். அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே போன்ற கவரைக் கையில் பிடித்துக்கொண்டு தூத்துக்குடிக்கும் பாளையங்கோட்டைக்கும் பஸ் ஏறுகிற குடும்பங்களுக்கு இது உதவ வேண்டும்.

சினைப்பை சின்ன உறுப்பு. கருப்பையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நீளம் மூன்று சென்டிமீட்டர் அளவுதான். ஆனால் அதற்குள் மூன்று விதமான செல்கள் குடியிருக்கின்றன. வெளியே போர்த்தியிருக்கும் மெல்லிய தோல் போன்ற படலம் ஒன்று. உள்ளே முட்டை செல்கள். அந்த முட்டைகளைச் சுற்றி நின்று ஊட்டம் கொடுத்து, ஹார்மோன் சுரந்து, தாங்கிப் பிடிக்கிற செல்கள் மூன்றாவது. சினைப்பைக் கட்டிகளையும் இந்த மூன்றையொட்டியே பெரிய குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இந்த வகைப்பாட்டை முதலில் 1973-இல் வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் பாஸ்டன் நகரத்து நோயியல் மருத்துவர் ராபர்ட் ஸ்கல்லி முக்கியமானவர். 2020-இல் வந்தது ஐந்தாம் பதிப்பு. நம்மூர் ஆய்வகம் எழுதும் பயாப்சி ரிப்போர்ட்டில் வரும் பெயர்கள் எல்லாம் இந்த வரிசையில் வருபவைதான்.

முதல் குடும்பம், படலத்துச் செல் கட்டிகள். சினைப்பைப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொன்னால் பத்துக்கு ஒன்பது இந்தக் குடும்பம்தான். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். இதிலேயே ஒரு திருப்பம் உண்டு. இவற்றில் மிகவும் மோசமான வகை சினைப்பையின் படலத்திலிருந்துதான் வருகிறது என்று பல காலம் நினைத்திருந்தார்கள். பரம்பரையாக ஆபத்துள்ள பெண்களுக்கு முன்னெச்சரிக்கையாக அகற்றிய கருக்குழாய்களை நெதர்லாந்து மருத்துவர்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, குழாயின் உள்தோலிலேயே ஆரம்ப மாற்றங்கள் இருப்பதை 2001-இல் எழுதினார்கள். அதன் பிறகு நடந்த ஆய்வுகள், இந்த வகையில் பெரும்பாலானவை கருக்குழாயின் நுனியில் பிறந்து பக்கத்திலிருக்கும் சினைப்பையில் வந்து குடியேறுகின்றன என்று காட்டின. அதனால்தான் இன்று வேறு காரணத்துக்காகக் கருப்பையை எடுக்கும்போது, பிள்ளைப்பேறு முடிந்த பெண்களுக்குக் கருக்குழாய்களையும் சேர்த்து எடுக்கலாமா என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். பிறந்த இடம் தெரிந்ததும் தடுக்கவும் ஒரு வழி கிடைத்துவிட்டது.

மதினியின் கவலை பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றியது. அந்த வயதில் சினைப்பையில் புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் இரண்டாவது குடும்பமான முட்டை செல் கட்டிகளாக இருக்கும். ஜெர்ம் செல் டியூமர் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் அபூர்வம், சின்னப் பிள்ளைகளிடம் மட்டும் பார்த்தால் இதுதான் முன்னால் நிற்கும்.

இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள, நாம் தாய் வயிற்றில் இருந்த நாட்களுக்குப் போக வேண்டும். முட்டையாகப் போகிற மூல செல்கள் சினைப்பையில் பிறப்பதில்லை. கரு உருவான நான்காவது வாரத்தில் அவை கருவுக்கு வெளியே, மஞ்சள் கருப் பையின் சுவரில் இருக்கின்றன. அங்கிருந்து குடல் உருவாகும் பாதை வழியாக நகர்ந்து நகர்ந்து, ஆறாவது வாரம் வாக்கில் சினைப்பை உருவாகும் மேட்டுக்கு வந்து சேருகின்றன. வந்த பிறகு பெருகி, ஐந்தாம் மாதத்தில் அறுபது எழுபது லட்சம் ஆகின்றன. பிறக்கும்போது அது பத்து இருபது லட்சமாகக் குறைந்துவிடும். வாழ்நாளில் முட்டையாக வெளிப்படுவது சுமார் நானூறுதான். வருகிற வழியில் சில செல்கள் தங்கிப்போவதும் உண்டு. நெஞ்சுக்கூட்டின் நடுவிலோ, முதுகெலும்பின் அடியிலோ, மூளைக்குள்ளோ இதே வகைக் கட்டி வந்தால், அது அந்தப் பயணத்தில் பாதியில் நின்ற செல்லிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்பது விளக்கம்.

இந்த மூல செல்லுக்குள் ஒரு முழு உடம்பையும், அதைச் சுமக்கும் நஞ்சுக்கொடியையும் உருவாக்கும் ஆற்றல் பொதிந்திருக்கிறது. அது கட்டியாக மாறும்போது எந்தத் திசையில் போகிறதோ அதற்கேற்ற பெயர் வாங்குகிறது. எந்தத் திசையிலும் போகாமல் மூல செல்லாகவே பெருகினால் டிஸ்ஜெர்மினோமா. மஞ்சள் கருப் பையின் வழியில் போனால் யோக் சாக் டியூமர். நஞ்சுக்கொடியின் வழியில் போனால் கோரியோகார்சினோமா. உடம்பின் உறுப்புகளைச் செய்யப் போனால் டெரட்டோமா.

டெரட்டோமாவில் முதிர்ந்த வகையை டெர்மாய்டு என்று சொல்வார்கள். இது புற்று அல்ல, அபூர்வமும் அல்ல. ஆய்வக மேசையில் ஒரு டெர்மாய்டை அறுத்தால் உள்ளே மஞ்சளாக, பிசுபிசுவென்று கொழுப்பு வழியும். அதோடு சிக்கலாகக் கறுத்த முடி வரும். ஒரு பக்கச் சுவரில் மேடு போல் தடித்த இடம் இருக்கும். அந்த மேட்டைத் தடவிப் பார்த்தால் சில சமயம் கடினமாக ஒன்று தட்டுப்படும், எடுத்துக் கழுவினால் பல். "ஐயோ, முடியும் பல்லுமா? யாரும் செய்வினை வச்சிருப்பாங்களோ?" என்றார் மதினி. இந்தப் பயம் நிறையப் பேருக்கு வருகிறது. 1975-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் கட்டிகளின் மரபணு அடையாளங்களைச் சோதித்தார்கள். அந்தப் பெண்ணின் சொந்த முட்டை செல் ஒன்று, எந்த ஆணின் விந்தும் சேராமல், தானாகவே வளரத் தொடங்கியதுதான் காரணம் என்று தெரிந்தது. முடியும் பல்லும் தோலும் செய்யும் கட்டளை அந்த செல்லுக்குள் ஏற்கெனவே இருப்பதுதான். அந்தப் பெண்ணின் நடத்தையும் இதில் இல்லை, எவருடைய சூனியமும் இல்லை.

டெர்மாய்டில் தைராய்டு திசுவும் வளரலாம். சிலருக்கு அது ஹார்மோன் சுரந்து படபடப்பையும் மெலிவையும் கொண்டுவரும். கழுத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. இதைவிட முக்கியமாக நம் பக்கத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. சில டெரட்டோமாக்களில் நரம்புத் திசு இருக்கும். அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் மூளையையும் போய்த் தாக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த பெண் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவாள், ஆவேசமாவாள், தூங்க மாட்டாள், பிறகு வலிப்பு வரும், நினைவு தப்பும். 2007-இல் ஜோசப் டால்மாவு என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவும் இப்படிப்பட்ட 12 பெண்களின் நோயை விவரித்து, காரணமான எதிர்ப்புப் புரதத்தையும் அடையாளம் காட்டினார்கள். கட்டியை எடுத்து, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து கொடுத்தால் பெரும்பாலானவர்கள் மீண்டு வருகிறார்கள். பேய் பிடித்திருக்கிறது என்று கோயில் கோயிலாகக் கூட்டிப்போகும் பிள்ளைகளில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், இழக்கும் ஒவ்வொரு நாளும் மூளைக்குச் சேதம். இளம்பெண்ணுக்குத் திடீர் மனக்குழப்பமும் வலிப்பும் வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, அடிவயிற்றையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

யோக் சாக் டியூமர் வேகமாக வளரும். இதன் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்த கதையே ஒரு பாடம். 1939-இல் வால்டர் ஷில்லர் இதைப் பார்த்து, கருவில் தோன்றி மறையும் பழைய சிறுநீரகத் திசுவிலிருந்து வருவதாக எழுதினார். மைக்ரோஸ்கோப்பில் ஒரு ரத்தக்குழாயைச் சுற்றிச் செல்கள் சூழ்ந்து நிற்கும் உருவம் அவருக்குச் சிறுநீரக வடிகட்டியை நினைவுபடுத்தியது. பல வருஷம் கழித்து டென்மார்க்கின் குன்னர் டெய்லம், அதே உருவம் எலியின் நஞ்சுக்கொடியில் இருப்பதைக் கவனித்து, இது மஞ்சள் கருப் பையின் வழியில் வந்தது என்று நிறுவினார். அதற்கு உடனே ஒரு பயன் கிடைத்தது. கருவின் மஞ்சள் பை ஏ.எஃப்.பி என்ற புரதத்தைச் சுரக்கும். அதே வழியில் போன கட்டியும் அதையே சுரக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். சிகிச்சையின்போது அளவு இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், பிறகு மறுபடி ஏறினால் கட்டி திரும்பிவிட்டது என்று எச்சரிக்கை.

இப்படியே டிஸ்ஜெர்மினோமாவில் எல்.டி.எச் ஏறும். கோரியோகார்சினோமாவில் பீட்டா எச்.சி.ஜி ஏறும், டிஸ்ஜெர்மினோமா சிலதிலும் ஏறும். இந்த பீட்டா எச்.சி.ஜிதான் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் கோடு காட்டுவது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு வயிறு வீங்கியிருக்கிறது, அட்டையிலும் இரண்டு கோடு வந்துவிட்டது என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மதினியும் தலையைக் குனிந்தபடி, "ஊர் வாய் என்னென்னமோ பேசுது, அதான் தங்கச்சி ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகல" என்றார். ஊருக்குப் பயந்து வீட்டுக்குள் வைத்திருக்கும் நாட்களில் கட்டி நிற்காமல் வளரும். பிள்ளையை அடிக்காதீர்கள், ஒளிக்காதீர்கள். ஸ்கேன் எடுத்தால் கருவா கட்டியா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதே குடும்பத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு நிலை. வயசுக்கு வராமலே இருக்கும் பெண்ணுக்கு இப்படிப்பட்ட கட்டி வந்தால் குரோமோசோம் பரிசோதனை செய்வார்கள். சிலருக்குச் சினைப்பை சரியாக உருவாகாமல், குரோமோசோமில் ஒய் பகுதி இருக்கும். அவர்களுக்கு இந்தக் கட்டிகள் வரும் வாய்ப்பு அதிகம். இந்த நிலையில் வரும் கோனடோபிளாஸ்டோமா என்ற கட்டியை 1953-இல் விவரித்தவர் மேலே சொன்ன ஸ்கல்லிதான்.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். டிஸ்ஜெர்மினோமாவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஆண்களின் விதைப்பையில் வரும் செமினோமாவைப் போலவே இருக்கும். பெரிய, வெளிறிய செல்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும், இடையிடையே சின்னச் சின்ன எதிர்ப்பு செல்கள் ஓடும். இரண்டுக்கும் மூலம் ஒரே செல். அதனால் 1970-களில் விதைப்பைப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் என்ற மருந்து அதிசயமாக வேலை செய்தபோது, பெண்களின் முட்டை செல் கட்டிகளுக்கும் அதையே கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்பு யோக் சாக் டியூமர் வந்த பிள்ளைகளில் பிழைத்தவர்கள் குறைவு. இன்று பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்ந்த கீமோவில் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள், நோய் பரவிய பிறகு வந்தவர்களும்கூட. கட்டியிருக்கும் பக்கத்துச் சினைப்பையை மட்டும் எடுத்து, கருப்பையையும் மறுபக்கச் சினைப்பையையும் விட்டுவைப்பதுதான் இளம்பெண்களுக்கு வழக்கமான சிகிச்சை. குணமான பலர் பின்னால் தாயாகியிருக்கிறார்கள்.

மூன்றாவது குடும்பம், முட்டையைச் சுற்றி நிற்கும் செல்களின் கட்டிகள். இந்த செல்களின் வேலை ஹார்மோன் சுரப்பது, கட்டியான பிறகும் அவை அந்த வேலையை விடுவதில்லை. கிரானுலோசா செல் கட்டி ஈஸ்ட்ரோஜனைக் கொட்டும். ஐந்து ஆறு வயதுக் குழந்தைக்கு மார்பு வளர்ந்து ரத்தப்போக்கு வந்தாலும், மாதவிலக்கு நின்று பல வருஷமான பாட்டிக்குத் திரும்பவும் ரத்தம் பட்டாலும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். செர்ட்டோலி-லெய்டிக் கட்டி பல பேரிடம் ஆண் ஹார்மோனைச் சுரக்கும். இளம்பெண்ணுக்குச் சில மாதங்களில் குரல் தடித்து, மீசை அரும்பி, மாதவிலக்கு நின்றுபோனால் கூச்சப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கிரானுலோசாவின் மூலம் தெரிந்த விதம் அழகானது. 2009-இல் கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் பெரியவர்களுக்கு வந்த நான்கு கட்டிகளை எடுத்து மரபணு எழுத்துகளை வாசித்தார்கள். நான்கிலும் ஃபாக்ஸ்எல்2 என்ற ஒரே மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே எழுத்து மாறியிருந்தது. மேலும் 89 கட்டிகளைச் சோதித்ததில் 86-இல் அதே மாற்றம். ஒரு பெண்ணின் உடம்பில் கிரானுலோசா செல் தன் அடையாளத்தோடு இருக்கக் காவல் காக்கும் மரபணு அது. மைக்ரோஸ்கோப்பில் சந்தேகம் வரும்போது இந்த ஒரு எழுத்தைத் தேடி உறுதி செய்துகொள்கிறார்கள். இந்தக் கட்டி மெதுவாக வளரும், ஆனால் இருபது வருஷம் கழித்தும் திரும்பலாம். சாதாரணமாக ஐந்து வருஷம் தாண்டினால் கண்காணிப்பை நிறுத்தும் பழக்கம் இங்கே ஆபத்து. ரிப்போர்ட்டில் இந்தப் பெயர் இருந்தால் வாழ்நாள் முழுக்க இன்ஹிபின் என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும்.

இதே குடும்பத்தில் ஃபைப்ரோமா என்ற சாதுவான கட்டி உண்டு. சிலருக்கு அதோடு வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் நீர் கோத்துக்கொள்ளும். பார்க்கிறவர்கள் எல்லா இடமும் பரவிவிட்டது என்று கைவிட்டுவிடுவார்கள். பாஸ்டனின் ஜோ மெய்க்ஸ் 1937-இல் எழுதியது இந்த நிலையைத்தான். கட்டியை எடுத்ததும் இரண்டு இடத்து நீரும் வற்றிவிடும், நோயாளி முழுதாகக் குணமாகிவிடுவார். பரவிய புற்று என்று முடிவுகட்டும் முன் திசு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டியதன் காரணம் இதுதான்.

கடைசியாக, வெளியூரிலிருந்து வந்து சினைப்பையில் தங்கும் கட்டிகள். 1896-இல் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் குருக்கன்பெர்க் சினைப்பையில் புது வகைக் கட்டி ஒன்றைக் கண்டதாக எழுதினார். 1902-இல் ஷ்லாகன்ஹாஃபர் அது இரைப்பையிலிருந்து பரவி வந்தது என்று காட்டினார். இன்றும் இரண்டு சினைப்பையும் ஒன்றாகத் தடித்திருந்தால் இரைப்பை, பெருங்குடல், குடல்வால், மார்பகம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சினைப்பைக்கு என்று சிகிச்சையைத் தொடங்கி இரைப்பையை விட்டுவிட்டால் எல்லாம் வீண்.

மதினி கடைசியில் கேட்டது, "இப்ப நாங்க என்ன செய்யணும்?" இதே கேள்வி உங்களுக்கும் இருக்கும்.

இளம்பெண்ணுக்குச் சினைப்பையில் கெட்டியான கட்டி என்றால், அறுவைக்கு முன்பே ஏ.எஃப்.பி, பீட்டா எச்.சி.ஜி, எல்.டி.எச், சி.ஏ.125 ஆகிய ரத்தப் பரிசோதனைகளை எடுத்துவிட வேண்டும். கட்டியை எடுத்த பிறகு பழைய அளவை யாராலும் சொல்ல முடியாது. வயிறு வழியாக ஊசி குத்தி எடுத்துப் பார்ப்பதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள், செல்கள் வயிற்றுக்குள் சிந்திவிடலாம் என்பதால். கட்டி உடையாமல் முழுதாக வர வேண்டும். "கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்துருவாங்களா?" என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. திடீரென்று தாங்க முடியாத அடிவயிற்று வலியும் வாந்தியும் வந்தால் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எடுத்த கட்டி ஃபார்மலினில் ஊறி, துண்டுகளாக்கப்பட்டு, மெழுகு பிளாக்கில் பதிந்து, முடியைவிட மெல்லிய சீவலாகக் கண்ணாடித் தகட்டில் ஏறி, சாயம் பூசப்பட்ட பிறகுதான் நோயியல் மருத்துவர் பார்ப்பார். பெரிய கட்டியில் பல இடத்திலிருந்து துண்டு எடுக்க வேண்டும், ஒரு மூலையில் டெர்மாய்டும் இன்னொரு மூலையில் யோக் சாக்கும் இருப்பதுண்டு. அதனால் ரிப்போர்ட்டுக்குச் சில நாட்கள் ஆகும், பொறுத்திருங்கள். அபூர்வமான பெயர் வந்தால் அந்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி, இன்னொரு மையத்தில் காட்டி உறுதி செய்துகொள்வது முறை. தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அறுவைக்கும் கீமோவுக்கும் உதவி கிடைக்கும். காசில்லை என்று யாரும் பாதியில் நிறுத்த வேண்டாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் "கேன்சரா" என்ற கேள்வியோடு நிற்காதீர்கள். அதிலிருக்கும் முழுப் பெயரை மருத்துவரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எந்தக் குடும்பம், எந்த நிலை, எந்த ரத்தப் பரிசோதனையை வைத்துக் கண்காணிக்கப் போகிறார்கள், எத்தனை வருஷத்துக்கு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு மருத்துவர் முன்னால் அந்தப் பெண் உட்காரும்போது, அவளுக்குச் சரியான சிகிச்சை கிடைக்க அந்தத் தாள் போதும்.